ரெண்டாம் பிரேக்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவருக்கு ‘ரெண்டாம் பிரேக்’ என்று பெயர். பழகுகிறவர் ஓட்டும் காரில், பக்கத்து இருக்கையின் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும், அது வாத்தியாருக்கு. மற்ற வாத்தியார்கள் ஆபத்துக்கு மட்டும் அதை மிதிப்பார்கள். இவரோ, ஆபத்து அடுத்த தெருவில் கிளம்பிக்கொண்டிருக்கும்போதே மிதித்துவிடுவார். “சார், நான் ஓட்டுறேனா, நீங்க ஓட்டுறீங்களா?” என்று கேட்காத ஆள் இல்லை. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுகூட, அதில் எவனாவது காரை விரட்டினால் இவருடைய வலது கால் தரையை அழுத்தும். பதினாறு வருடத்தில் அவர் கார் ஒரு சுவரை உரசியதில்லை என்பதும் உண்மைதான்.

இன்னொரு பெருமை, தேர்ச்சி. சோதனை எடுக்கும் அதிகாரிகள் மூன்று பேருடைய குணமும் அவருக்கு அத்துப்படி. மீசைக்காரருக்கு, ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடியைத் திருப்ப வேண்டும்; திருப்பத் தேவையே இல்லாவிட்டாலும் திருப்ப வேண்டும். குட்டை முடி அம்மாவிடம் வாயைத் திறக்கக் கூடாது. மூன்றாமவர் எல்லாரையும் ஒரே தெருவில்தான் பின்னால் எடுக்கச் சொல்வார். அங்கே எந்த மின்கம்பம் கண்ணாடியில் தெரியும்போது ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும் என்பது வரைக்கும் இவர் சொல்லிக் கொடுத்துவிடுவார். அப்படித் தேறிய வங்கிக்கார அம்மா ஒருவர் மூன்று மாதம் கழித்து வந்து நின்றார்.

“சார், லைசென்ஸ் இருக்கு. அந்தக் கம்பம் இல்லாத தெருவுல ஓட்டத் தெரியல.”

பள்ளியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, மறந்தும் போனார்.

அவருக்கு ஒரே மகள். ஒன்பது வயது. ஆள் சின்னது, காரம் பெரிது என்று வீட்டில் வைத்த செல்லப் பெயர் மிளகு.

மிளகின் அம்மாவுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. அந்தக் கூடத்தின் நடுவே ஒரு சுவர். துணி வெளுக்கும் இயந்திரங்களைச் சுவருக்குள்ளேயே பதித்திருப்பார்கள். இந்தப் பக்கக் கதவு வழியாக அழுக்கை உள்ளே தள்ளினால், வெளுத்த பிறகு அந்தப் பக்கக் கதவு வழியாகத்தான் எடுக்க முடியும். அழுக்குப் பக்கத்தில் வேலை செய்பவர் குளித்து உடை மாற்றாமல் சுத்தப் பக்கம் போகக் கூடாது. பள்ளி விடுமுறை நாள் ஒன்றில் மகளைக் கூட்டிக்கொண்டு போய், கண்ணாடிச் சன்னல் வழியாக இதையெல்லாம் பெருமையாகக் காட்டினார் அம்மா. “பாத்துக்கோ. இந்தப் பக்கத்துல இருந்து ஒரு நூல்கூட அந்தப் பக்கம் தப்பிப் போகாது.”

மிளகுக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. வீட்டுக்கு வந்து வீட்டையும் இரண்டாகப் பிரித்தாள். வாசல் கதவு, அப்பாவின் பை, செருப்பு, சன்னல் கம்பி எல்லாம் அழுக்குப் பக்கம். கட்டில், தம்ளர், அவளுடைய சீப்பு எல்லாம் சுத்தப் பக்கம். முதல் மாதம் அது விளையாட்டு. இரண்டாவது மாதம் குழாயடியை விட்டு வர மறுத்தாள். ஆறாவது மாதத்தில், காலையில் நாற்பது நிமிடம் கை கழுவினாள். விரல் முட்டிகள் வெடித்து ரத்தம் கசிந்தது. மற்ற பிள்ளைகள் தொட்ட நோட்டில் எழுத மாட்டேன் என்றாள். பள்ளிக்கூடம் போகும் நாள் குறைந்துகொண்டே வந்தது.

ரெண்டாம் பிரேக் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். மகள் தொடும் முன்பே குழாயைத் திறந்துவிட்டார். கதவுகளைத் திறந்து பிடித்துக்கொண்டார். “அப்பா, இது சுத்தமா?” என்று அவள் கேட்டால், “சுத்தம்டா கண்ணு” என்றார். கேட்டதும் அவள் முகம் தெளியும். ஒரு மூச்சு நேரம்தான். மறுபடியும், “அப்பா, நிஜமா சுத்தமா?”

“சத்தியமா சுத்தம்.”

“நல்லாப் பாத்தீங்களா?”

ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று அவர் எண்ணியதில்லை. வேறு ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார் என்பது அவருக்குத் தெரியாது.

வகுப்பு ஆசிரியைதான் கடிதம் கொடுத்தனுப்பினார்: குழந்தையை உளவியல் ஆலோசகரிடம் காட்டுங்கள். ஊரின் மறுகோடியில் இருந்த குழந்தைகள் மருத்துவமனையில் பதிவு செய்து நான்கு மாதம் காத்திருந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி, ஒரு மணி நேரம் கிடைத்தது. இதைத் தவறவிட்டால் இன்னும் நான்கு மாதம். அதற்குள் இந்தப் படிப்பு வருடமே முடிந்துபோகும்.

அதற்கு முந்தின ஞாயிறன்று மிளகின் தாய்மாமன் வந்தார். கட்டட ஒப்பந்தக்காரர், குரல் எப்போதும் மூன்றாவது மாடிக்குக் கேட்கிற மாதிரிதான் இருக்கும்.

“என்ன மாப்பிள்ளை, கை கழுவுறதுக்கெல்லாம் டாக்டரா? என் பையன் கழுவவே மாட்டேங்கிறான். அவனைக் கொஞ்சம் இங்க அனுப்பட்டா? ரெண்டையும் கலந்து பாதி பாதியா பிரிச்சுக்கலாம்.”

மிளகுகூடச் சிரித்தாள். ஆனால் அவள் உள்ளே போனதும் மாமன் குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தினால்தான் பயம் வரும்.

“விளையாட்டுக்குச் சொல்லல மாப்பிள்ளை. ஒரு தடவை ஃபைல்ல எழுதிட்டாங்கன்னா அழிக்க முடியாது. நாளைக்குப் படிப்பு, வேலை, கல்யாணம், எல்லா எடத்துலயும் அந்த ஃபைலு முன்னாடி போய் உக்காந்துக்கும்.”

“அண்ணே, வெள்ளிக்கிழமை போறோம்” என்றார் மிளகின் அம்மா, காயப்போட்ட துணியை மடித்தபடியே. “அவ விரலைப் பாத்துட்டு இந்தப் பேச்சைப் பேசுங்க. பாத்தீங்களா? இல்லல்ல. அப்போ விடுங்க.”

மாமன் விட்டுவிட்டார். ஆனால் அந்த ஃபைல் ரெண்டாம் பிரேக்கின் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

செவ்வாய்க்கிழமை இன்னொன்று நடந்தது. சலவைக்கூடத்தில் இருவர் உடம்பு முடியாமல் படுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை விடுப்பு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். மிளகின் அம்மா யார் யாரிடமோ கெஞ்சிப் பார்த்துவிட்டு, கடைசியில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டைக் கொண்டுவந்து கணவர் கையில் வைத்தார்.

“ஆறு மாசமா எழுதியிருக்கேன். எந்த நாள், எத்தனை மணி, எவ்வளவு நேரம், எல்லாம் இதுல இருக்கு. இதை அப்படியே அவங்க கையில குடுங்க. நீங்க வாயால சொல்ல வேணாம்.”

“ஏன், என் வாய்க்கு என்ன?”

“நீங்க சொன்னா எல்லாத்தையும் வழுவழுன்னு ஆக்கிடுவீங்க. மேடு பள்ளமே இல்லாம.”

அவர் நோட்டை வாங்கிக்கொண்டார். திறந்து பார்க்கவில்லை. காரின் முன்பெட்டியில், வண்டிக் காகிதங்களுக்கு அடியில் வைத்தார்.

புதனும் வியாழனும் பள்ளிக்கூடம் விட்ட பிறகு, மகளைப் பயிற்சி மைதானத்துக்கு அழைத்துப் போனார். ஓரமாக நிறுத்திய காருக்குள் அவர் ஆலோசகர், மிளகு மிளகு. பதினாறு வருட அனுபவம் சும்மா போகுமா? எந்த அதிகாரியாக இருந்தாலும் கேட்பது பத்துக் கேள்விதான் என்பது அவர் கணக்கு.

“உள்ள போனதும் என்ன பண்ணணும்?”

“வணக்கம் சொல்லிட்டு, அவங்க உக்காருன்னு சொன்னப்புறம் உக்காரணும்.”

“கையில என்ன காயம்?”

“தோல் வறண்டு போச்சு. இப்ப மருந்து போடுறோம்.”

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை கழுவுவே?”

“சாப்பிடறதுக்கு முன்னாடி. பாத்ரூம் போயிட்டு வந்தா. அவ்ளோதான்.”

“சபாஷ். பள்ளிக்கூடம் ஏன் போகல?”

“காய்ச்சல்.” கொஞ்சம் யோசித்து, “ரெண்டு காய்ச்சல்” என்று சேர்த்துக்கொண்டாள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு விரைவாகப் பிடித்துக்கொள்ளும் மாணவி இதுவரை வந்ததில்லை. வியாழன் மாலை, காரை விட்டு இறங்கும்போது அவள் கேட்டாள்: “அப்பா, இதுல ஃபெயிலானா என்ன ஆகும்?”

“நீ ஃபெயிலாக மாட்டே” என்று சொல்லி, சுற்றி வந்து அவளுக்காகக் காரின் கதவைத் திறந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஒன்பதே முக்காலுக்கே போய்ச் சேர்ந்தார்கள். பயிற்சிக் காரின் தலையில் இருந்த சிவப்புப் பலகையை வாசல் காவலாளி பார்த்துவிட்டு, “இங்க லைசென்ஸ் தர்றதில்லீங்க” என்றார். ரெண்டாம் பிரேக் சிரிக்கும் நிலையில் இல்லை. முன்பெட்டியை ஒரு தடவை பார்த்தார். திறக்கவில்லை. மகளுக்காகக் காரின் கதவு, கூடத்தின் கதவு, அறையின் கதவு என்று வரிசையாகத் திறந்துவிட்டுக்கொண்டே மேலே போனார்.

ஆலோசகர் நடுத்தர வயதுப் பெண். சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டிருந்தார். மேசைக்குப் பின்னால் உட்காராமல், குட்டை நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு மிளகுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“வணக்கம் டாக்டர்” என்றார் இவர்.

“நான் டாக்டர் இல்லீங்க. ஊசி, மாத்திரை எதுவும் கெடையாது. பேசறதுதான் என் வேலை.” மிளகைப் பார்த்து, “உக்காரும்மா” என்றார்.

அவர் சொன்னபிறகே மிளகு உட்கார்ந்தாள். கேள்வி ஒவ்வொன்றாக வந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை, மைதானத்தில் கேட்ட வரிசையில் வரவில்லையே தவிர, எல்லாம் வந்தன. அவளும் பிசிறில்லாமல் சொன்னாள். ஆலோசகர் வண்ணப் பென்சில் டப்பாவை நீட்டினார். எத்தனை பிள்ளைகள் தொட்டிருப்பார்களோ, முனை மழுங்கி, கடித்த தடம் வேறு. மிளகு கை நடுங்காமல் ஒன்றை எடுத்து ஒரு வீடு வரைந்தாள். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு.

ரெண்டாம் பிரேக்குக்கு மட்டும் நாற்காலிக்குக் கீழே தெரிந்தது. அவளுடைய கால் விரல்கள் பத்தும் செருப்புக்குள் சுருண்டு, நரம்பு புடைத்து நின்றன. அவருடைய வலது காலும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

அரை மணி நேரம் போயிற்று. ஆலோசகர் பள்ளிக்கூடக் கடிதத்தை மறுபடி படித்தார். “இதுல எழுதியிருக்கறதுக்கும் பாப்பா சொல்றதுக்கும் ஒட்டவே மாட்டேங்குது” என்றார் இவரிடம். “வீட்டுல ஏதாவது கவனிச்சீங்களா?”

“அப்படிப் பெரிசா ஒண்ணும் இல்லீங்க. சுத்தமா இருக்கணும்னு நெனைப்பா. அவ்ளோதான்.”

வழுவழுவென்று வந்தது பதில்.

“சரி. அப்படின்னா இப்போதைக்கு அடுத்த தேதி எதுவும் போட வேணாம். நான் பள்ளிக்கூடத்துக்கு எழுதிடறேன்.” ஆலோசகர் பேனாவை எடுத்துக்கொண்டு மேசைப் பக்கம் திரும்பினார்.

மிளகு எழுந்து வந்து அப்பாவின் காதருகே குனிந்தாள். “பாஸாப்பா?”

அவர் தலையசைத்தார்.

“அப்போ இனிமே இங்க வர வேணாமா?”

“வேணாம்டா.”

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. கண் மட்டும் எங்கேயோ போயிற்று. “அப்போ எனக்கு இதை யாருப்பா நிறுத்தித் தருவாங்க?”

அவர் மகளின் கைகளைப் பார்த்தார். பென்சில் பிடித்த விரல்களைச் சேர்த்து, உடம்பிலிருந்து தள்ளி, வேறு யாருடைய கையையோ சுமப்பது போலப் பிடித்துக்கொண்டிருந்தாள். கதவு தாண்டியதும் குழாயைத் தேடி ஓடப் போகிறாள் என்று அவருக்குத் தெரியும். கம்பம் இல்லாத தெரு. வங்கிக்கார அம்மாவின் குரல் அன்று காதில் விழுந்த மாதிரி இல்லாமல், இப்போதுதான் முதல் தடவையாக விழுந்தது.

“மேடம், எழுதாதீங்க” என்றார். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. “ரெண்டு நிமிஷம். ரெண்டே நிமிஷம். எங்கயும் போயிடாதீங்க.”

படிகளில் இரண்டிரண்டாக இறங்கினார். காவலாளி, “என்ன சார், லைசென்ஸை மறந்துட்டீங்களா?” என்றது காதில் விழவில்லை. முன்பெட்டியைத் திறந்து, வண்டிக் காகிதங்களை இருக்கையில் வாரிப் போட்டு, நீல நோட்டை எடுத்துக்கொண்டு திரும்ப ஓடினார். மேலே வந்தபோது மூச்சு வாங்கியது. நோட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

“இவ சொன்னது ஒண்ணும் இவ பதில் இல்லீங்க. ரெண்டு நாளா உக்கார வச்சு நான்தான் சொல்லிக் குடுத்தேன். எனக்கு வேலையே அதுதான். டெஸ்டுல பாஸ் பண்ண வைக்கறது. இவளோட விஷயம் இதுல இருக்கு. இவங்கம்மா எழுதினது. உள்ள வந்ததுமே குடுத்திருக்கணும்.”

ஆலோசகர் கோபிக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. நோட்டைத் திறந்து, பக்கம் பக்கமாக, அவசரமில்லாமல் படித்தார். ஒரு பக்கத்தில் நிறுத்தி, “இதை நீங்க படிச்சிருக்கீங்களா?” என்று இவர் பக்கம் திருப்பினார்.

மனைவியின் குண்டுக் கையெழுத்து. ‘குழாயை அவர்தான் திறந்துவிடுகிறார். இன்று சுத்தமா என்று கேட்டது நூற்றுப் பதினான்கு முறை. அவர் சுத்தம் என்று சொன்னதும் நூற்றுப் பதினான்கு முறை. போன மாதம் எழுபது. பிள்ளை அழக் கூடாது என்று செய்கிறார். எனக்கும் தடுக்க மனம் வரவில்லை.’

அவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். எழுபது, நூற்றுப் பதினான்கு. தன் பக்கத்து பிரேக்கின் தேய்மானத்தை யாரோ அளந்து எழுதி வைத்த மாதிரி இருந்தது.

ஆலோசகர் மிளகிடம் நோட்டைக் காட்டினார். “அம்மா இதெல்லாம் எழுதியிருக்காங்க. உண்மையா?”

மிளகு அப்பாவைப் பார்த்தாள். எந்தப் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்கும் பார்வை. அவர் வாய் திறக்கத்தான் போனது. பல்லைக் கடித்து மூடிக்கொண்டார். தலையைக்கூட அசைக்கவில்லை. பதினாறு வருடத்தில் இவ்வளவு நேரம் அவர் சும்மா இருந்ததில்லை.

மிளகு நோட்டை எட்டிப் பார்த்தாள். தொடாமல், கழுத்தை மட்டும் நீட்டிப் படித்தாள். பிறகு சொன்னாள்:

“அம்மா ரெண்டு விட்டுட்டாங்க.”

“எதைம்மா?”

“தலகாணியைத் தட்டறது. அப்புறம், ராத்திரி மூச்சு விடறப்போ அழுக்குப் பக்கம் திரும்பக் கூடாது. அது யாருக்கும் தெரியாது.”

அதன் பிறகு அவள் நிறுத்தவே இல்லை. மீதி இருந்த நேரத்தில் பெரும்பாலும் அவளே பேசினாள். பென்சிலை எடுத்தபோது உள்ளே எப்படி இருந்தது, அப்பா சுத்தம் என்று சொன்ன உடனே அந்தச் சொல்லே அழுக்காகிவிடுவது, குழாயை மூடும்போது மூடிய கையைத் திரும்பக் கழுவ வேண்டியிருப்பது, எல்லாம். நடுவில் அழுதாள். அப்பா கைக்குட்டையை நீட்ட எழுந்தபோது, ஆலோசகர் கண்ணாலேயே அவரை உட்காரச் சொன்னார்.

கடைசிப் பத்து நிமிடத்தில் ஆலோசகர் சொன்னது சிக்கலானதாக இல்லை. இதற்கு ஒரு பெயர் உண்டு. இது நிறையப் பிள்ளைகளுக்கு வருவதுதான். பைத்தியமும் இல்லை, பிடிவாதமும் இல்லை. உள்ளே ஒரு அபாய மணி தப்பான நேரத்தில் அடிக்கிறது. கழுவினால் அந்த நிமிடம் நிற்கும், ஆனால் அடுத்த தடவை இன்னும் பலமாக அடிக்கும். அடிக்கட்டும் என்று சின்னச் சின்னதாகப் பழகினால், தானாக ஓயும். எந்தப் படியில் தொடங்குவது என்று மிளகே சொல்ல வேண்டும்.

“நான் என்ன பண்ணணும் மேடம்?”

“சுத்தமான்னு கேட்டா பதில் சொல்லாதீங்க.”

“அழுவாளே.”

“அழுவாங்க.”

“அப்போ?”

“பக்கத்துல இருங்க. பதில் மட்டும் வேணாம். கதவு, குழாய், எதையும் அவங்களுக்காகத் திறந்து விடாதீங்க. அதுக்கும் மேல ஒண்ணும் இல்ல.”

“அதுதாங்க பெரிசு” என்றார் அவர்.

ஆலோசகர் முதல் தடவையாகச் சிரித்தார். அடுத்த எட்டு வெள்ளிக்கிழமைகளையும் வரிசையாகக் குறித்து, தொடர்ந்து எழுதச் சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். பெயர் எழுதிய ஃபைல் ஒன்று மேசைமேல் வந்து உட்கார்ந்தது. ரெண்டாம் பிரேக் அதைப் பார்த்தார். இருக்கட்டும். மைத்துனர் கேட்டால் ஃபைலின் நிறத்தைக்கூடச் சொல்லிவிடலாம்.

மிளகு தேர்ந்தெடுத்த முதல் படி, காரின் கதவு. திறப்பது, பிறகு வீடு போய்ச் சேரும் வரை கழுவாமல் இருப்பது. பையில் வைத்திருந்த ஈரத்தாள் பொட்டலத்தை அவளே ஆலோசகரிடம் விட்டுவிட்டு வந்தாள்.

வாகன நிறுத்தத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. அவர் தன் பக்கம் ஏறி உட்கார்ந்தார். அவள் பின்கதவுக்கு வெளியே நின்றாள்.

“அப்பா.”

“ம்.”

“இந்தக் கைப்பிடி சுத்தமா?”

அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். நிற்கிற காரில், அவருடைய வலது கால் பிரேக்கை மிதித்து நசுக்கிக்கொண்டிருந்தது. “அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்டா. பேசிக்கிட்டோம்ல.”

“ஒரே ஒரு தடவை சொல்லுங்க. இன்னைக்கு மட்டும்.”

“நான் இங்கதான் இருக்கேன். எவ்வளவு நேரம் ஆனாலும் இருப்பேன்.”

அவள் அழுதாள். நிஜமாகவே அழுதாள். அந்த வழியாகப் போன ஒரு பெண், எந்த அப்பன் இப்படிப் பிள்ளையை வெயிலில் நிறுத்துவான் என்று முறைத்துவிட்டுப் போனார். காவலாளி எட்டிப் பார்த்தார். ரெண்டாம் பிரேக் கண்ணாடியில் மகளைப் பார்த்தபடியே, காலை மெல்லத் தூக்கி பிரேக்கிலிருந்து எடுத்து, இருக்கைக்குக் கீழே இழுத்துக்கொண்டார். அது அங்கேயும் துடித்தது. துடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

பதினோரு நிமிடம். பிறகு, டக்கென்று ஒரு சத்தம். ஒற்றை விரலால் கொக்கி போட்டு இழுத்துத் திறந்தாள். ஏறி உட்கார்ந்து, அந்த விரலைத் தனியாக நீட்டி வைத்துக்கொண்டாள்.

“போலாம்” என்றாள் மூக்கை உறிஞ்சியபடி. “ஆனா வேகமாப் போங்க.”

“வேகமாவா? நானா?”

“அதானே” என்றாள் மிளகு. அழுகைக்கு நடுவில் கொஞ்சம் சிரிப்பு தெறித்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேராகக் குழாயடிக்குத்தான் ஓடினாள். முப்பது நிமிடம் கழுவினாள். குழாயை அவர் திறந்துவிடவில்லை. கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசற்படியில் நின்றார். இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் வாய்வரை வந்த ‘சுத்தம்’ என்ற சொல்லை விழுங்கினார்.

மிளகின் அம்மா வேலை முடிந்து வந்து, குளித்து உடை மாற்றிவிட்டு, கணவர் முகத்தைப் பார்த்தார்.

“நோட்டைக் குடுத்தீங்களா?”

“குடுத்தேன். கடைசியில.” எல்லாவற்றையும் சொன்னார். மைதானம், முன்பெட்டி, படியில் ஓடியது, பதினோரு நிமிடம், குழாயடியில் முப்பது நிமிடம். ஒரு மேடு பள்ளத்தையும் விடவில்லை.

திட்டு வரும் என்று அவர் காத்திருந்தார். திட்டு வரவில்லை. மிளகின் அம்மா நோட்டை வாங்கி, புதுப் பக்கம் திருப்பி, தேதி போட்டார். கணவர் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் படித்தார்.

‘வெள்ளி. கழுவியது முப்பது நிமிடம். கதவை அவளே திறந்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை.’